பெயர் ஒன்று, ஆள் வேறு!

சில கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் உடம்புக்கு முடியாமல் போகும். ஜனவரியிலிருந்து ஜூலை வரை ஜம்மென்று ஓடும். ஆகஸ்ட் 1 காலையில் படுத்துவிடும். செப்டம்பர் முழுக்கப் படுக்கைதான். ஆபீஸில் ஆளாளுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். ஒயரைப் பிடுங்கிச் சொருகுவார்கள். ஆன்ட்டி வைரஸ் போடுவார்கள். ஒரு பக்திமான் மானிட்டருக்கு விபூதி இட்டதையும் பார்த்திருக்கிறேன். அக்டோபர் பிறந்ததும் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக யார் வைத்தியம் பார்த்தாரோ, அவருக்கு நல்ல பெயர்.

காரணம் ரொம்பச் சின்னது. தேதியைக் கேட்டால் கம்ப்யூட்டர் மாதத்தை இரண்டு இலக்கமாகத் தரும். 07, 08, 09 என்று. அதோடு ஒன்றைக் கூட்டு என்று சொன்னால், பாஷ் என்கிற ஷெல் முன்னால் நிற்கும் பூஜ்யத்தைப் பார்க்கும். பூஜ்யத்தில் ஆரம்பித்தால் அதன் அகராதியில் அது எட்டை அடிப்படையாகக் கொண்ட எண். அந்தக் கணக்கில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். எட்டும் ஒன்பதும் கிடையவே கிடையாது. 'என்னய்யா இது, எண்ணே இல்லையே' என்று வேலையை நிறுத்திவிடும். 07 வரை இரண்டு கணக்கிலும் ஒரே மதிப்பு, பிழைத்தது. 10-க்கு முன்னால் பூஜ்யம் இல்லை, அதுவும் பிழைத்தது. நடுவில் இரண்டு மாதம் மட்டும் ஜுரம்.

இதே புரோகிராமை இஸட்-ஷெல் என்கிற இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். 08 என்றால் எட்டு, ஒன்று கூட்டினால் ஒன்பது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதே வரி, அதே கம்ப்யூட்டர். படிக்கிற ஆள்தான் வேறு.

ஷெல் என்றால் என்ன என்று கேட்கிற நண்பர்களுக்கு: யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் நாம் தட்டும் கட்டளையை வாங்கி, உள்ளே இருக்கிற கெர்னலிடம் சொல்லி, வேலையை முடித்துத் தருகிற இடைத்தரகர். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பாரே, அவர் மாதிரி. இவருக்குக் கமிஷன் கிடையாது என்பதுதான் வித்தியாசம். தினமும் தட்டுகிற கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், அதை எடுத்து வரிசையாகப் படித்து வேலை செய்வதும் அவர்தான். அந்த ஃபைலுக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். சினிமா ஸ்கிரிப்ட் மாதிரியேதான். ஒரே வசனத்தை இரண்டு நடிகர்கள் பேசினால் ஒன்றாகவா இருக்கும்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்குப் பெரிய சிரமமில்லை. அரும்பாவூர், பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. மரச் சிற்பம்தான் எங்கள் அடையாளம். ஒரே மரத்துண்டில் சாமியைச் செதுக்கி எடுப்பார்கள். 2020-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி. அங்கேயும் மரச் சிற்பம்தான், அதுவும் தனிப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. சிற்ப சாஸ்திரம் இரண்டு ஊருக்கும் பொது. முகத்தின் நீளத்தை அளவாக வைத்து உடம்பைப் பிரிக்கிற கணக்கும் பொது. ஆனாலும் ஒரு விநாயகரைக் காட்டி, இது எந்த ஊர் உளி என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பட்டென்று சொல்வார்கள். (சரியாகத்தான் சொல்கிறார்களா என்று யாரும் தம்மம்பட்டிக்குப் போய் விசாரித்ததில்லை.)

ஷெல்களின் கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1971-ல் கென் தாம்ஸன் எழுதியது முதல் யூனிக்ஸ் ஷெல். 1979-ல் அங்கேயே ஸ்டீஃபன் போர்ன் எழுதிய போர்ன் ஷெல் வெளியே வந்தது. இன்றைக்கு இருக்கிற முக்கால்வாசி ஷெல்லுக்கு அவர்தான் கொள்ளுத் தாத்தா. 1983-ல் டேவிட் கார்ன் தன் பெயரிலேயே கார்ன் ஷெல்லை அறிமுகப்படுத்தினார். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் இலவசமாக எல்லோருக்கும் பாஷ் என்று ஒன்றைக் கொடுத்தார். 'மறுபடியும் போர்ன்' என்றும் அர்த்தம், 'மறுபிறவி' என்றும் அர்த்தம். அந்த ஊர் சிலேடை. 1990-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பால் ஃபால்ஸ்டாட் என்கிற மாணவர் எழுதியதுதான் இஸட்-ஷெல். அங்கே வேலை பார்த்த ஜோங் ஷாவ் என்பவரின் லாகின் பெயர் ஷெல்லுக்கு நன்றாக இருக்கிறதே என்று அதையே வைத்துவிட்டார். கொடுத்து வைத்த மனுஷர்!

இத்தனை பேர் இத்தனை விதமாகச் செதுக்கினால் என்ன ஆகும்? 1992-ல் பாஸிக்ஸ் என்று ஒரு பொது விதிமுறை போட்டார்கள். நம் அரசாணைகளைப் படித்தவர்களுக்கு அதன் நடை பழக்கமானதாக இருக்கும். சில இடங்களில் 'இப்படிச் செய்ய வேண்டும்'. சில இடங்களில் 'இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்'. வில்லங்கமெல்லாம் இரண்டாவது வகையில்.

கார்ன் பற்றி ஒரு சம்பவம் உண்டு. யூனிக்ஸ் ஆட்களின் மாநாடு ஒன்றில் மைக்ரோஸாஃப்ட்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். விண்டோஸ் என்.டி.யில் கார்ன் ஷெல்லும் கிடைக்கும் என்று பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது வேறொரு கம்பெனி தயாரித்த பதிப்பு. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, அது அசல் கார்ன் ஷெல் மாதிரி நடந்துகொள்ளாது என்றார். மேடையில் இருந்தவர் விடவில்லை, அசலேதான் என்று சாதித்தார். எழுந்தவரும் உட்காரவில்லை. கடைசியில் யாரோ பொறுக்க முடியாமல், ஐயா, எதிரே நிற்பவர்தான் டேவிட் கார்ன் என்று சொன்னார்களாம். கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன். 2001-ல் ஒரு பேட்டியில் கார்னே நடந்தது உண்மை என்று சொல்லிவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எனக்கு அந்த வித்தியாசத்தின் இன்னொரு முகமும் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில், இதை யார் படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பெரும்பாலானவர்கள் 'எஸ்ஹெச்' என்று எழுதுவார்கள். ஷெல் என்பதன் சுருக்கம். ஆனால் எஸ்ஹெச் என்பது ஆளின் பெயர் இல்லை, பதவியின் பெயர். தாலுகா ஆபீஸில் 'வட்டாட்சியர்' என்று போர்டு இருக்கும். உள்ளே நாற்காலியில் இந்த வருஷம் ஒருவர், அடுத்த வருஷம் இன்னொருவர். ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ் மெஷினில் எஸ்ஹெச் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கார்ன் ஷெல். ரெட் ஹாட் லினக்ஸில் பாஷ். உபுண்டுவில் 2006 முதல் டாஷ் என்கிற ஒல்லியான ஆசாமி. டெபியனில் 2011-ல் வந்த பதிப்பிலிருந்து அவரேதான். பாஷ் சாப்பாட்டு ராமன், டாஷ் விரதக்காரர். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நூற்றுக்கணக்கான சின்ன ஸ்கிரிப்ட்கள் ஓடுமாதலால், வேகமான ஆளாகப் பார்த்துப் போட்டார்கள்.

இப்போது அந்த இன்னொரு முகம்.

2013-ல் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தேன். பெயர் வேண்டாம். பழைய ஏ.ஐ.எக்ஸ் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றினார்கள். நான் சேருவதற்கு மூன்று மாதம் முன்பே மாற்றி முடித்து, கேக் வெட்டி, போட்டோவும் எடுத்துவிட்டார்கள். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட்கள் அப்படியே புது மெஷினில் ஓடின. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை என்று அதையே பெருமையாகச் சொன்னார்கள்.

அதில் ஒன்று சம்பள ஸ்கிரிப்ட். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பாங்க் மூலம் பணம் அனுப்பியதும், மறுநாள் பாங்க் ஒரு பட்டியல் அனுப்பும். கணக்கு எண் தப்பு, கணக்கு மூடியாச்சு என்று திரும்பி வந்த பணம் எல்லாம் அதில் இருக்கும். ஸ்கிரிப்ட் அந்த வரிகளைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றாக எண்ணி, 'திரும்பி வந்தவை: இத்தனை' என்று கணக்குப் பிரிவுக்கு மெயில் போடும். முன்பெல்லாம் மாதம் நாலு, ஐந்து என்று வரும். லினக்ஸ் வந்ததிலிருந்து பூஜ்யம். மூன்று மாதமும் பூஜ்யம். லினக்ஸ் வந்த ராசி என்று மீட்டிங்கிலேயே பேசிக்கொண்டார்கள்.

வாசலில் ஒரு வாட்ச்மேன். அரியலூர்ப் பக்கம். நான் பெரம்பலூர்க்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து பிரியமாக இருப்பார். ஒரு ராத்திரி ஷிஃப்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியளே? ரெண்டு மாசமா சம்பளம் ஏறல. ஆபீஸ்ல கேட்டா ஏறியாச்சுங்கறாங்க."

"பாங்க்ல கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன். வரலைங்கறான். இங்க வந்து சொன்னா, கம்ப்யூட்டர்ல யாருக்கும் திரும்பி வரலைன்னு காட்டுது, நீ எடுத்துச் செலவு பண்ணிட்டு வந்து கேக்குறியாங்கறாங்க. ஊர்ல வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டுறேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரியே பாங்க் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே அவருடைய கணக்கு. எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. மொத்தம் மூன்று மாதத்தில் 14 பேர். பட்டியலில் 14 பேர் இருக்கிறார்கள், அதைப் படிக்கிற ஸ்கிரிப்ட் பூஜ்யம் என்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சிவப்பு எழுத்து இல்லை. சமர்த்தாக ஓடி முடிந்திருக்கிறது.

விஷயம் இதுதான். யூனிக்ஸில் ஒரு கட்டளையின் விடையைக் குழாய் வைத்து அடுத்த கட்டளைக்கு அனுப்பலாம். சம்பள ஸ்கிரிப்ட்டில், திரும்பி வந்த வரிகள் குழாய் வழியாக எண்ணுகிற இடத்துக்கு வருகின்றன. கார்ன் ஷெல், குழாயின் கடைசியில் தானே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்ததும் எத்தனை என்று கேட்டால் நோட்டைப் பார்த்து மூன்று என்று சொல்லும். பாஷ் அப்படி இல்லை. எண்ணுவதற்கு ஒரு பையனை நியமித்து, தன் நோட்டை ஒரு காப்பி எடுத்து அவன் கையில் கொடுக்கும். பையனும் மூன்று என்று சரியாகவே எண்ணுவான். ஆனால் வேலை முடிந்ததும் நோட்டோடு மறைந்துபோவான். எத்தனை என்று பாஷிடம் கேட்டால், அது தன்னுடைய சொந்த நோட்டைத் திறக்கும். அதில் ஆரம்பத்தில் எழுதிய பூஜ்யம் அப்படியே இருக்கும்.

பாஷ் செய்தது தப்பா என்றால், இல்லை. கார்ன் செய்தது தப்பா? அதுவும் இல்லை. நான் சொன்னேனே, 'இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்', அந்த வகைதான் இது. 2011-ல் வந்த பாஷ் 4.2-ல், கடைசி வேலையை நீயே செய் என்று சொல்ல ஒரு வசதிகூடக் கொடுத்தார்கள். நாமாகக் கேட்டால்தான் தரும்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்த ஐந்து நிமிஷம் ஆனது. குழாயை எடுத்துவிட்டு, பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி, அதிலிருந்து படிக்கச் சொன்னால் போதும். பையன் தேவையில்லை, பாஷும் தானே எண்ணும். அந்த ஐந்து நிமிஷத்தை நிர்வாகத்துக்குப் புரியவைக்க இரண்டு வாரம் ஆனது. 14 பேருக்கும் பணம் போனது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு கடிதம். வாட்ச்மேன் கட்டிய வட்டியை யாரும் தரவில்லை. அவரைப் பார்த்து எடுத்துச் செலவு பண்ணிட்டு வந்து கேக்குறியா என்றவர் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை.

இதனால்தான், சத்தம் போடுகிற வித்தியாசங்களைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை. ஆகஸ்டில் படுத்துக்கொள்கிற ஸ்கிரிப்ட் உத்தமமான ஸ்கிரிப்ட். அது எனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறது. டாஷிடம் பாஷ் பாணியில் பட்டியல் போட்டுக் கொடுத்தால், இந்த இடத்தில் அடைப்புக்குறியை நான் எதிர்பார்க்கவில்லை என்று முதல் வரியிலேயே திருப்பி அனுப்பிவிடும். நல்ல குமாஸ்தா. பட்டியலில் முதல் ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாஷ் பூஜ்யத்திலிருந்து எண்ணும், இஸட்-ஷெல் ஒன்றிலிருந்து எண்ணும். ஒன்றாம் நம்பர் ஆளைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் தயங்காமல் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், ஆனால் வேறு வேறு ஆள். 2019-ல் ஆப்பிள்காரர்கள் தங்கள் மெஷினில் புதுக் கணக்குகளுக்கெல்லாம் பாஷை எடுத்துவிட்டு இஸட்-ஷெல்லை வைத்தார்கள். அதுவரை அவர்கள் வைத்திருந்த பாஷும், லைசென்ஸ் ஒத்துவராததால் 3.2-லேயே நிறுத்திவைத்த பழைய பதிப்பு. அந்தச் சமயத்தில் எத்தனை ஆபீஸில் எத்தனை பேர் ஒரு ஆள் தள்ளிக் கூப்பிட்டார்களோ!

சில சமயம் வித்தியாசம் காப்பாற்றியும் இருக்கிறது. 2014 செப்டம்பர் 24 அன்று ஷெல்ஷாக் என்று உலகமே அலறியது. ஸ்டீஃபான் ஷாஸலா என்பவர் கண்டுபிடித்தது. பாஷ், தன் பிள்ளைகளுக்குச் சில செய்முறைகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பும். அந்தச் சீட்டின் கடைசியில் எவனாவது இரண்டு வரி கூடுதலாக எழுதிவிட்டால், அதையும் கேள்வி கேட்காமல் செய்து முடித்துவிடும். வெளியிலிருந்து வலைத்தளம் வழியாகவே அந்தச் சீட்டை நீட்டலாம் என்பதுதான் பயங்கரம். 1989-லிருந்து, அதாவது 25 வருஷமாக, அந்த ஓட்டை இருந்தது. டாஷுக்கு இந்தச் சீட்டுப் பழக்கமே கிடையாது. அதனால் எஸ்ஹெச் நாற்காலியில் டாஷ் இருந்த மெஷின்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. விரதக்காரர் வீட்டில் திருடனுக்கு என்ன கிடைக்கும்?

நம் ஊரிலும் டாஷ் வீட்டுக்கு வீடு வந்தார், யாருக்கும் தெரியாமல். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் போஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது. சென்னை சி-டாக் ஆட்கள் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பாதிப் பேர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. என் அக்கா பையன் திறந்தான்.

அவனுக்கு ஊரில் ஒரு சிற்பப் பட்டறையில் பில் போட்டுக் கொடுக்கிற வேலை. கல்லூரிக்குப் போன நேரம் போகச் சாயங்காலத்தில். பழைய புத்தகக் கடையில் வாங்கிய லினக்ஸ் புத்தகத்தைப் பார்த்து, பில் அடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டான். மேலே பட்டறையின் பெயர், கீழே சாமியின் பெயர், உயரம், விலை. நன்றாகவே எழுதியிருந்தான். ஒரு நாள் போன்.

"மாமா, பில்லுல ஒரு ஈ உக்காந்திருக்கு."

"தட்டி விடுடா."

"ஐயோ மாமா, நெசமான ஈ இல்ல. இங்கிலீஷ் ஈ. பட்டறைப் பேருக்கு முன்னாடி ஒரு கோடு, அப்புறம் ஈ. நான் அடிக்கிறப்ப வரல. ஃப்ரெண்டு அடிச்சா மட்டும் வருது."

பெயரை நடுவில் தள்ளி எழுத, எக்கோ கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு கோடும் ஈயும் போடச் சொல்லியிருந்தது புத்தகம். பாஷுக்கு அது உத்தரவு. புரிந்துகொண்டு, வெளியே காட்டாது. டாஷுக்கு அப்படி ஒரு உத்தரவே தெரியாது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை, கோட்டையும் ஈயையும் சேர்த்தே அச்சடித்துவிடும். பையன் பாஷ் என்று சொல்லி ஓட்டினான். நண்பன் எஸ்ஹெச் என்று சொல்லி ஓட்டினான். நாற்காலியில் டாஷ்.

முதல் வரியில் பாஷ் என்றே எழுது, இனிமேல் ஃபைலை நேரடியாகப் பெயர் சொல்லி ஓட்டு, எக்கோவை விட்டுவிட்டு பிரிண்ட்எஃப் கட்டளையைப் பழகிக்கொள், அது எல்லா ஷெல்லிலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஷெல்செக் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தால் இன்ன வரி டாஷுக்கு ஆகாது, இன்ன இடத்தில் குழாய்க்குள் எண்ணுகிறாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். அதையும் போட்டுக் கொடுத்தேன். 2013-ல் அந்தக் கம்பெனியில் யாராவது ஒருவர் அதை ஒரு தடவை ஓட்டியிருந்தால், ஒரு மனுஷர் ஊரில் வட்டி கட்டியிருக்க மாட்டார்.

ஈ போய்விட்டது. பில் சுத்தமாக வந்தது. ஒரு வாரம் கழித்துப் பையனிடமிருந்து மறுபடியும் போன்.

"மாமா, ஓனர் கூப்பிட்டுக் கேட்டாரு. மேல ஒரு கோடு, ஒரு எழுத்து இருக்குமே, அத ஏன்டா எடுத்தேன்னு. அது இருந்தப்ப வரிசையா மூணு பெரிய ஆர்டர் வந்துச்சாம். எடுத்ததுக்கப்புறம் ஒண்ணும் வரலையாம். மறுபடியும் போடச் சொல்றாரு. என்ன பண்ணட்டும்?"